ப்ராஜெக்ட் சென்டரில் வாங்கிய இறுதியாண்டுத் திட்ட அறிக்கையில் வழிகாட்டி கையெழுத்திடலாமா?

கேள்வி (உதவிப் பேராசிரியர், தனியார் பொறியியல் கல்லூரி)

அனைவருக்கும் வணக்கம். பி.இ. இறுதியாண்டு மாணவர்கள் நால்வர் அடங்கிய குழுவுக்கு வழிகாட்டியாக இருக்கிறேன். நெல் இலைகளின் படங்களிலிருந்து நோயைக் கண்டறியும் மென்பொருள் அவர்களுடைய தலைப்பு. இரண்டாம் ரிவ்யூவுக்கு வந்த அறிக்கையில், பிற எழுத்துகளோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்க்கும் ஒப்புமைச் சோதனை 8 விழுக்காடு மட்டுமே காட்டியது. ஆனால் அதில் ஒட்டப்பட்டிருந்த ஸ்கிரீன்ஷாட் ஒன்றில், கோப்பு இருக்கும் இடத்தைக் காட்டும் வரியில், குழுவில் இல்லாத யாரோ ஒருவரின் பெயர் இருந்தது. மென்பொருளைப் பயிற்றுவிக்கவும் சோதிக்கவும் படங்களை எந்த விகிதத்தில் பிரித்தீர்கள் என்று கேட்டதற்கு நால்வரிடமும் பதில் இல்லை. பிறகு தனியே வந்த ஒரு மாணவர், திட்டப்பணிகளைச் செய்து விற்கும் ப்ராஜெக்ட் சென்டர் ஒன்றில் பணம் கட்டி இதை வாங்கியதாகச் சொன்னார். இது மாணவர்களே செய்த பணி என்று போனஃபைடு பக்கத்தில் நான் சான்றளிக்க வேண்டும். ஒப்புமை 10 விழுக்காட்டுக்குள் இருப்பதால் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி தடையில்லை என்கிறார் துறைத்தலைவர். அது சரிதானா?

மறுமொழி 1 (பல்கலைக்கழக நூலகர்)

சரியன்று. யுஜிசியின் 2018 ஆம் ஆண்டு ஒழுங்குமுறையில் உள்ள 10, 40, 60 விழுக்காடு என்னும் படிநிலைகள் முதுநிலை, ஆராய்ச்சிப் பட்டங்களுக்கான ஆய்வேடுகளையும் வெளியீடுகளையும் குறித்தவை. ஒப்படைப்புகள், ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுகள், விடைத்தாள்கள் ஆகியவற்றை அதன் வரையறைப் பகுதியே வெளிப்படையாக விலக்கிவிடுகிறது. ஆகவே உங்கள் மாணவர்களின் அறிக்கைக்கு அந்த 10 விழுக்காட்டை ஆதாரமாகக் காட்ட இயலாது.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. ஏற்கெனவே எங்கோ இருக்கும் எழுத்தோடு இந்த எழுத்து எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதை மட்டுமே ஒப்புமைச் சோதனை மென்பொருள் பார்க்கிறது. காசு வாங்கிக்கொண்டு ஒருவர் புதிதாகவே எழுதிக் கொடுத்தால் அதில் ஒன்றும் சிக்காது. பிறருடைய ஆக்கத்தைத் தன்னுடையதாகக் காட்டுவதுதான் அந்த ஒழுங்குமுறை சொல்லும் கருத்துத் திருட்டு. உரியவரே சம்மதித்து விற்றார் என்பதால் அது மாறிவிடாது. கையெழுத்திட வேண்டாம் என்பதே என் கருத்து.

மறுமொழி 2 (புறத்தேர்வாளராகப் பல ஆண்டுகள் சென்றவர்)

நூலகர் சொன்ன விதியில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் கையெழுத்தை மறுத்துவிட்டு அத்தோடு நிறுத்துவது போதாது. மாணவர்கள் அந்தக் கடைகளுக்கு ஏன் போகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். தலைப்பு, ஐஇஇஇ என்னும் பன்னாட்டுப் பொறியாளர் அமைப்பு வெளியிட்ட அண்மைய கட்டுரை ஒன்றிலிருந்துதான் வர வேண்டும் என்று நாமே வற்புறுத்துகிறோம். பேஸ் பேப்பர் எனப்படும் அந்த அடிப்படைக் கட்டுரையைப் படித்துப் புரிந்துகொள்ளும் பயிற்சியை மூன்று ஆண்டுகளில் ஒருமுறையும் கொடுப்பதில்லை. சென்டரோ நிரல், அறிக்கை, பிபிடி, வைவா என்னும் வாய்மொழித் தேர்வில் கேட்கக்கூடிய கேள்விகளுக்கான பதில்கள் வரை ஒரே தொகுப்பாகக் கொடுத்துவிடுகிறது.

இன்னும் நாள் இருக்கிறதென்றால் இப்படிச் செய்யுங்கள். அருகிலுள்ள வயல்களில் அவர்களே இலைப்படங்கள் எடுத்து வரட்டும். அதே மென்பொருளை அந்தப் படங்களில் உங்கள் கண்முன்னே ஓட்டட்டும். எவரும் பயன்படுத்தக் கிடைக்கும் பொதுப் படத்தொகுப்பில் 95 விழுக்காடு சரியாகக் கண்டறியும் மென்பொருள், வெயிலிலும் நிழலிலும் கைப்பேசியில் எடுத்த படங்களில் பெரும்பாலும் தடுமாறும். ஏன் தடுமாறியது என்று தங்கள் சொற்களில் எழுதும் நான்கு பக்கம், வாங்கிய அறுபது பக்கத்தைவிட மதிப்பெண்ணுக்குத் தகுதியானது.

மறுமொழி 3 (ஆஸ்திரேலியாவில் விரிவுரையாளர்)

இங்கு 2014 இல் மைமாஸ்டர் என்ற இணையதளம் பல பல்கலைக்கழக மாணவர்களுக்குக் கட்டுரை எழுதி விற்றது நாளிதழ்ச் செய்தியாக வெளிவந்து பெரும் சர்ச்சையானது. 2020 இல் வந்த சட்டம் விற்பவருக்கு இரண்டு ஆண்டுவரை சிறை விதிக்க வழி செய்கிறது. வாங்கிய மாணவரைப் பல்கலைக்கழகமே விசாரிக்கும். இந்தியாவின் 2024 ஆம் ஆண்டுப் பொதுத்தேர்வு முறைகேடு தடுப்புச் சட்டம் ஆட்சேர்ப்பு, நுழைவுத் தேர்வுகளுக்கானது. இந்த விற்பனை அதில் வராது. சென்டர்களைத் தொடாமல் ஆண்டுதோறும் மாணவரை மட்டும் பிடித்துக்கொண்டிருப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. பழைய அறிக்கையில் கையெழுத்திட இயலாது என்பதைக் காரணங்களோடு துறைத்தலைவருக்கு எழுத்து மூலம் தெரிவிக்கிறேன். மூன்றாம் ரிவ்யூவுக்கு முன் வயல்படங்களோடு வரும்படி நால்வரிடமும் சொல்லப் போகிறேன். தானாக வந்து உண்மையைச் சொன்ன மாணவரின் பெயரை அந்தக் கடிதத்தில் குறிப்பிட மாட்டேன்.