புதுப்பிப்பு: நாய்க்குட்டியின் கடி குறைந்திருக்கிறது

வேளச்சேரியில் அடுக்குமாடி வீட்டில் வளரும் எங்கள் சிப்பிப்பாறை இன நாய்க்குட்டி கையையும் கணுக்காலையும் கடிக்கிறது, செருப்பையும் சோபாவின் காலையும் மென்று தீர்க்கிறது என்று முன்பு எழுதி ஆலோசனை கேட்டிருந்தேன். இப்போது தோலில் பல் படுவது வெகுவாகக் குறைந்துவிட்டது. மெல்லுவது மட்டும் இன்னும் நிற்கவில்லை.

பல் பட்ட நொடியிலேயே விளையாட்டை நிறுத்தி, கையை வெடுக்கென்று இழுக்காமல் அசையாமல் வைத்து, பிறகு பேச்சின்றி எழுந்து போய்விடுவதுதான் பலன் தந்தது. கையை இழுத்தால் குட்டி அதைத் துரத்தி இன்னும் வேகமாகப் பாய்கிறது. சிலர் சொன்னபடி வலிப்பதுபோல் கத்தியும் பார்த்தோம். எங்கள் குட்டியோ அதை விளையாட்டுக்கான அழைப்பாகவே எடுத்துக்கொண்டது. மூக்கில் தட்டும் யோசனையை நான் ஏற்கவில்லை; அது கையைக் கண்டு அஞ்சுவதற்கே பழக்கும்.

மெல்லுவதற்குக் காரணம் பல் முளைப்பது. 28 பால் பற்கள் விழுந்து 42 நிலையான பற்கள் வரும் காலம் பொதுவாக 6 அல்லது 7 மாத வயது வரை நீளும் என்பதால், ஈரத் துணியை முறுக்கி ஃப்ரீசரில் வைத்து, நாங்கள் அருகில் இருக்கும்போது மட்டும் கொடுக்கிறோம். சென்னை வெயிலில் அதற்குத் தனி மோகம். செருப்புகள் அலமாரிக்குள் போய்விட்டன. மாலையில் தலைகால் புரியாமல் ஓடிக் கடிப்பது பெரும்பாலும் தூக்கம் போதாததால்தான் என்பதால், அப்போது திட்டாமல் படுக்கவைக்கிறோம்.

குட்டி கடித்தால் ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) தடுப்பூசி தேவையா என்று கேட்டவர்களுக்கு: வீட்டுக் குட்டியே ஆனாலும், தோல் கீறப்பட்டால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.