டார்ப்-32 புரதக் குறைவுதான் மனச்சிதைவுக்குக் காரணமா?

பென்னாகரம் வாசகி:

அனைவருக்கும் வணக்கம். என் அண்ணனுக்கு 31 வயது. ஆறு ஆண்டுகளாக மனச்சிதைவு நோய்க்கு மருந்து எடுத்துக்கொள்கிறார். இப்போது இரவில் ஒலான்சபின் 10 மில்லிகிராம் மாத்திரை ஒன்று. காதில் குரல்கள் கேட்பது நின்றுவிட்டது. ஒன்றரை ஆண்டாகக் கேழ்வரகு வயலையும் இரண்டு மாடுகளையும் அவரே பார்த்துக்கொள்கிறார்.

சென்ற வாரம் உறவினர் ஒருவர் கைபேசியில் ஒரு காணொளியை அனுப்பினார். மூளையில் 'டார்ப்-32' என்ற புரதம் குறைவதால்தான் இந்த நோய் வருகிறது என்றும், தாங்கள் விற்கும் புரதப் பொடியை மூன்று மாதம் பாலில் கலந்து குடித்தால் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்றும் அதில் சொல்கிறார்கள். அம்மா அதை நம்பிவிட்டார். அண்ணனும் மாத்திரையால் உடல் பெருத்துவிட்டது என்று வருந்திக்கொண்டிருப்பவர் என்பதால் அவருக்கும் ஆசை வந்துவிட்டது. அப்படி ஒரு புரதம் உண்மையிலேயே இருக்கிறதா? இரத்தப் பரிசோதனையில் அதன் அளவு தெரியுமா? விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

காவேரிப்பட்டினம் ஆசிரியர்:

அம்மா, நான் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். அந்தப் புரதம் இருப்பது உண்மைதான். அமெரிக்க நரம்பியல் அறிஞர் பால் கிரீன்கார்டின் ஆய்வுக்குழு 1983இல் அதைப் பற்றி வெளியிட்டது. 2000ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு அவருக்கும் ஆர்விட் கார்ல்சன், எரிக் காண்டல் ஆகியோருக்கும் பகிர்ந்து வழங்கப்பட்டது. பெயரில் உள்ள 32 அதன் மூலக்கூறு எடையை, அதாவது 32 கிலோடால்டனைக் குறிக்கிறது.

அது செய்யும் வேலையைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால் காணொளியின் தவறு தானாகவே விளங்கிவிடும். நரம்பணுக்களுக்கிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருளான டோபமைன் நரம்பணுவுக்குள் நுழைந்து வேலை செய்வதில்லை. அணுவின் வெளிச்சவ்வில் உள்ள, செய்தியைப் பெறும் புரதங்களான ஏற்பிகளைத்தான் தொடுகிறது. டி1 ஏற்பியைத் தொட்டால் உள்ளே சைக்ளிக் ஏஎம்பி என்ற சிறு மூலக்கூறு கூடுகிறது, டி2 ஏற்பியைத் தொட்டால் குறைகிறது. அது கூடும்போது புரோட்டீன் கைனேஸ் ஏ என்ற நொதி விழித்துக்கொண்டு, டார்ப்-32இன் 34ஆவது இடத்தில் உள்ள த்ரியோனைன் என்ற அமினோ அமிலத்தின் மீது ஒரு பாஸ்பேட்டை ஒட்டிவிடுகிறது.

இங்கே எனக்கு வகுப்பறை நினைவுதான் வருகிறது. கைனேஸ் நொதிகள் அணுவுக்குள் உள்ள பல புரதங்களின் மீது பாஸ்பேட் என்ற சுண்ணக்கட்டியால் குறி எழுதுகின்றன. பாஸ்பட்டேஸ்-1 என்ற மற்றொரு நொதி அவற்றை அழித்துக்கொண்டே வருகிறது. 34ஆவது இடத்தில் குறி பெற்ற டார்ப்-32 அந்த அழிப்பவனின் கையைப் பிடித்து நிறுத்திவிடுவதால், டோபமைன் எழுதச் சொன்ன செய்தி பலகையில் நெடுநேரம் நிற்கிறது. அதே புரதத்தின் 75ஆவது இடத்தில் குறி விழுந்தாலோ வேலை தலைகீழாகிறது: அப்போது அது புரோட்டீன் கைனேஸ் ஏயையே தடுக்கிறது. ஒரே புரதம் இரண்டு பக்கமும் திரும்பக்கூடியது என்பதுதான் இதில் என்னை இன்றும் வியக்கவைக்கும் செய்தி.

ஆகவே, இந்தப் புரதம் எவ்வளவு இருக்கிறது என்பதோடு, எந்த நேரத்தில் எந்த இடத்தில் குறி பெற்றிருக்கிறது என்பதும் முக்கியம். அதன் வேலை நரம்பணுவுக்குள் நடக்கிறது. இரத்தத்தை எடுத்துப் பார்த்து மூளையின் நிலையைச் சொல்லிவிட முடியாது. குடிக்கும் பொடியில் எந்தப் புரதம் இருந்தாலும் குடலில் அமினோ அமிலங்களாக உடைந்துவிடும். நம் வீட்டுக் கொள்ளுக்கும் துவரைக்கும் நேர்வது அதுவே. டார்ப்-32ஐ ஒவ்வொரு நரம்பணுவும் தன் மரபணுவைப் படித்துத் தானே செய்துகொள்கிறது.

ஓசூர் மாணவர்:

ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். காணொளி முழுக் கற்பனை அன்று என்பதால்தான் அது ஆபத்தானது. மனச்சிதைவு நோயுடன் வாழ்ந்து இறந்தவர்களின் மூளை முன்மடலின் ஒரு பகுதியில் டார்ப்-32 குறைவாக இருந்ததாக 2002இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஆனால் பின்னர் வந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே முடிவைத் தரவில்லை. 2014இல் வெளியான பெரிய மரபணு ஆய்வு இந்நோயோடு தொடர்புள்ள 108 இடங்களைக் குறித்தது. டி2 ஏற்பியின் மரபணு இருக்கும் இடம் அவற்றுள் ஒன்று. ஒற்றைப் புரதத்தின் மீது பழியைப் போட முடியாது என்பதற்கு இந்த எண்ணே போதும்.

தருமபுரி செவிலியர்:

சகோதரி, மனநலப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை செய்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன்: மாத்திரையை ஒரு நாள்கூட நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஒலான்சபின் டி2 ஏற்பியை மறிக்கும் மருந்து. ஐயா விளக்கிய அந்தத் தொடரின் தொடக்கத்திலேயே அது வேலை செய்கிறது. நன்றாக இருக்கிறோம் என்று நிறுத்தியவர்கள் சில மாதங்களில் மீண்டும் குரல்கள் கேட்டுத் தூக்கமின்றித் திரும்பி வந்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

உங்கள் அண்ணனின் வருத்தமும் நியாயமானதே. இந்த மாத்திரையால் எடையும் சர்க்கரையும் கொழுப்பும் கூடலாம். அடுத்த முறை செல்லும்போது எடை, இடுப்புச் சுற்றளவு, வெறும் வயிற்றுச் சர்க்கரை ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லி, எடை குறைவாகக் கூட்டும் வேறு மருந்துக்கு மாற்ற முடியுமா என்று மருத்துவரிடமே கேளுங்கள். அவர் பீடி குடிப்பவராக இருந்தால் அதையும் சொல்லுங்கள். புகை இந்த மருந்தை உடலில் விரைவாகக் கரைத்துவிடும் என்பதால், திடீரென்று பீடியை விட்டாலும் மருந்தின் அளவு இரத்தத்தில் ஏறும். இடையில் ஐயம் வந்தால் அரசின் டெலி-மானஸ் உதவி எண் 14416இல் தமிழிலேயே பேசலாம்.

பென்னாகரம் வாசகி:

மூவருக்கும் நன்றி. நேற்று இரவு இவை அனைத்தையும் அம்மாவுக்கும் அண்ணனுக்கும் படித்துக் காட்டினேன். பொடி வாங்குவதில்லை என்று முடிவாகிவிட்டது. எடை பற்றிக் கேட்க வேண்டியவற்றை அண்ணனே மருத்துவச் சீட்டின் பின்புறம் எழுதி வைத்திருக்கிறார். அவருக்கு ஒரே ஒரு கேள்வி மட்டும் மீதம் இருக்கிறது: அந்தப் புரதம் தன் மூளையில் இருக்கிறதா, இல்லையா?

காவேரிப்பட்டினம் ஆசிரியர்:

இருக்கிறது என்று அவரிடம் சொல்லுங்கள், அம்மா. மூளையின் ஆழத்தில் ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதி இருக்கிறது. அங்குள்ள நரம்பணுக்களில் அது நிறையவே உண்டு. உடல் அசைவிலும், ஒரு வேலையைச் செய்ய வேண்டும் என்ற உந்துதலிலும் அந்தப் பகுதிக்குப் பெரும் பங்கு உண்டு. அவர் விடியற்காலையில் எழுந்து மாட்டுக்குத் தீவனம் வைக்கும்போதும் அந்த அணுக்களில் அது வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது.