வெயிட் கூடினா ஆஸ்துமா ஸ்டீராய்டு சரியா வேலை செய்யாதா?

வானதி: அக்காவுக்கு ரொம்ப வருஷமா ஆஸ்துமா, தினமும் ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுக்கறாங்க. கொஞ்ச நாளா நல்லா வெயிட் போட்டுட்டாங்க, பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவுன்னு பாக்கற கணக்கு) 34, இப்ப டோஸ் ஏத்தியும் மூச்சு வாங்கறது குறையல. டாக்டர் வெயிட்ட குறைங்கன்னு மட்டும் சொல்றார், அதக் கேட்டு அக்கா ஒடஞ்சு போயிட்டாங்க. நிஜமாவே மருந்துக்கும் வெயிட்டுக்கும் சம்பந்தம் இருக்கா?

மூச்சுக்காரன்: இருக்குங்க, அது அக்கா தப்பும் இல்ல. ஸ்டீராய்டு செல்லுக்குள்ள போய் ஒரு ரிசெப்டரோட (மருந்தப் புடிச்சுக்கற புரதம்) ஒட்டிக்கிட்டு, வீக்கத்த அடக்குற ஜீன்கள எழுப்பி விடணும், அதுல எம்கேபி-1 முக்கியமானது. ஆஸ்துமாவோட வெயிட்டும் அதிகமா இருக்கறவங்க ரத்த செல்லுலயும் நுரையீரல் செல்லுலயும் டெக்ஸாமெத்தசோன்ங்கற ஸ்டீராய்டு போட்டுப் பாத்தப்ப இந்த எம்கேபி-1 கம்மியாத்தான் ஏறுச்சுன்னு 2008லயே ஆய்வு வந்துருச்சு. கொழுப்புத் திசு சும்மா கிடக்கறது இல்ல, டிஎன்எஃப் ஆல்ஃபா, ஐஎல்-6 மாதிரி வீக்கத்தத் தூண்டுற பொருள்கள விட்டுக்கிட்டே இருக்கும், ரிசெப்டர் மந்தமாகறதுக்கு அது ஒரு காரணம். இன்னொண்ணு, வெயிட் கூடினப்புறம் பெரிய வயசுல வர்ற ஆஸ்துமால, முக்கியமா பெண்களுக்கு, ஈசினோஃபில்ங்கற ஒரு வகை வெள்ளை ரத்த அணு கம்மியா இருக்கறது உண்டு. ஸ்டீராய்டு நல்லா கேக்கறது ஈசினோஃபில் வகைக்குத்தான், அதனால டோஸ ஏத்திக்கிட்டே போறதுக்கு முன்னாடி ரத்தத்துல ஈசினோஃபிலும் ஃபீனோ டெஸ்டும் (ஊதுற மூச்சுல நைட்ரிக் ஆக்ஸைட அளக்கறது) பாக்கச் சொல்லுங்க.

தென்றல்77: மூச்சு வாங்கறது எல்லாமே ஆஸ்துமாவா இருக்கணும்னு இல்லம்மா. வயித்துலயும் நெஞ்சுலயும் எடை அழுத்தும்போது நுரையீரல் முழுசா விரியாது, சின்ன காத்துக்குழாய்ங்க சீக்கிரம் மூடிக்கும், இதுக்கு ஸ்டீராய்டு எப்படிக் கேக்கும்? நெஞ்செரிச்சல், தூக்கத்துல மூச்சு நிக்கறது இருக்கான்னும் பாக்கணும். இன்ஹேலர் இழுக்கற முறைய டாக்டர் முன்னாடியே ஒருதடவ செஞ்சு காட்டச் சொல்லுங்க.

வானதி: மாத்திரையா குடுத்தா நல்லா கேக்குமா? அக்கா அதத்தான் கேக்கறாங்க.

மூச்சுக்காரன்: திடீர்னு அட்டாக் வந்தா மாத்திரை வேணும், அதுல யோசிக்கவே கூடாது. ஆனா உடம்பு பருமனா இருந்தா ப்ரெட்னிசோலோன்ங்கற ஸ்டீராய்டு கொஞ்சம் வேகமா வெளியேறுது, மெத்தில்ப்ரெட்னிசோலோன்ங்கற இன்னொண்ணு மெதுவா வெளியேறுதுன்னு சின்ன ஆய்வுகள்ல பாத்திருக்காங்க, அதனால வெயிட்ட வச்சு நாமளே கணக்குப் போட்டு டோஸ் ஏத்தக் கூடாது. நீண்ட நாள் மாத்திரைன்னா பசியும் சுகரும் ஏறி வெயிட் இன்னும் கூடும், அது மருந்தாலயே வர்ற சுழல். வாரக்கணக்கா எடுத்தத திடீர்னு நிறுத்தவும் கூடாது, உடம்புக்குள்ள தானா ஸ்டீராய்டு சுரக்கற அட்ரினல் சுரப்பி தூங்கிப் போயிருக்கும்.

தென்றல்77: இன்ஹேலரையும் நிறுத்தக் கூடாதுன்னு அக்காகிட்ட அழுத்திச் சொல்லுங்க. பலன் குறையுது, இல்லாம போகல. 5லருந்து 10 சதவீதம் வெயிட் குறைஞ்சாலே பலருக்கு கன்ட்ரோல் நல்லாயிருக்கு, அதுக்கு ஒரு டயட்டீஷியன டாக்டரே கைகாட்டட்டும், குறைங்கன்னு ஒரு வார்த்தைல அனுப்பிட்டா எப்படி.