கோத்தகிரியில் ஓட்ட பழைய லக்ஸரி செடான்: கேம்ரியா, சூப்பர்பா, சி கிளாஸா?

பச்சைத்தேயிலை (கோத்தகிரி):

எல்லோருக்கும் வணக்கம். இப்போது கையில் இருப்பது ஒரு பழைய டிசையர். அம்மாவை அடிக்கடி கோவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் வர வேண்டியிருக்கிறது. காலையில் குஞ்சப்பனை வழியாக இறங்கி மேட்டுப்பாளையம், அங்கிருந்து கோவை, சாயங்காலம் அதே வழியில் ஏற்றம். அம்மாவுக்கு முழங்கால் வலி, பின்சீட்டில் கால் நீட்ட இடம் வேண்டும். எல்லோரும் இன்னோவா எடு, எக்ஸ்யூவி எடு என்கிறார்கள். ஒன்றில் ஏற்றி உட்காரவைத்துப் பார்த்தேன், "இதுல ஏறுறதும் பரண்மேல ஏறுறதும் ஒண்ணுதான்" என்று சொல்லி இறங்கிவிட்டார். அதனால் செடான்தான், அதில் மாற்றமில்லை.

பட்ஜெட் 13 லட்சம், வாங்கிய பிறகு செலவு செய்யத் தனியாகக் கொஞ்சம் வைத்திருக்கிறேன். புது வண்டி இந்தக் காசுக்கு வரும், ஆனால் அந்தச் சொகுசு வராது. மூன்று வண்டி பார்த்து வைத்திருக்கிறேன். முதலாவது 2016 கேம்ரி ஹைபிரிட், கோவை வண்டி, ஒரே ஓனர், 1,10,000 கிலோமீட்டர். இரண்டாவது 2015 சூப்பர்ப் 1.8 பெட்ரோல் ஆட்டோமேட்டிக், சென்னை வண்டி, 62,000 ஓடியிருக்கிறது என்கிறார்கள். மூன்றாவது 2014 மெர்சிடிஸ் சி 220 டீசல், டி.எல். நம்பர், அதாவது டெல்லி வண்டி, புரோக்கர் கையில் இருக்கிறது, விலை மற்ற இரண்டையும் விட நன்றாகவே குறைவு. மனசு பென்ஸ் பக்கம்தான் சாய்கிறது, மறைப்பானேன். நம் மலையில் ஓட்டுகிறவர்கள் சொல்லுங்கள், சமவெளி ஆட்களின் யூடியூப் வீடியோ பார்த்துப் பார்த்துக் குழம்பிவிட்டேன்.

பனிமூட்டம் (குன்னூர்):

கேம்ரி. அவ்வளவுதான். மீதி இரண்டையும் மறந்துவிடுங்கள்.

கல்லார் ஸ்பேனர் (மேட்டுப்பாளையம்):

ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன், மலையிலிருந்து இறங்கி வருகிற வண்டிகள்தான் எனக்குச் சோறு போடுகின்றன, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

எந்தக் கம்பெனி என்று பார்ப்பதற்கு முன்னால் எந்த கியர் பாக்ஸ் என்று பாருங்கள். சமவெளியில் எல்லா ஆட்டோமேட்டிக்கும் ஒன்று போலத்தான் ஓடும், கொண்டை ஊசி வளைவில் பஸ்ஸுக்குப் பின்னால் ஊர்ந்து போகும்போதுதான் வித்தியாசம் தெரியும். நீங்கள் சொன்ன சூப்பர்ப் 1.8-ல் இருப்பது 7 கியர் டி.எஸ்.ஜி. என்ற இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக், அதுவும் டிரை கிளட்ச். அதாவது இரண்டு கிளட்ச் தட்டும் ஆயிலில் மூழ்காமல் காற்றிலேயே ஆற வேண்டும். ஏற்றத்தில் நின்று நின்று போகும்போது கிளட்ச் பாதி பிடித்தும் பிடிக்காமலும் வழுக்கிக்கொண்டே இருக்கும், சூடு ஏறும், முதல் கியரில் உதறல் வரும். அதன் மேலேயே மெகாட்ரானிக்ஸ் என்று ஒரு கன்ட்ரோல் யூனிட் இருக்கிறது, அது போனால் பில்லைப் பார்க்கும்போது உட்கார்ந்துகொள்ளுங்கள். போதாக்குறைக்கு அந்தக் காலத்து 1.8 இன்ஜினுக்கு ஆயில் குடிக்கிற வியாதியும் டைமிங் செயின் டென்ஷனர் தொல்லையும் உண்டு.

அதே சூப்பர்பில் 2.0 டீசல் எடுத்தால் கதை வேறு. அதில் 6 கியர் டி.எஸ்.ஜி., ஆயிலில் மூழ்கிய கிளட்ச். 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை கியர் ஆயிலும் ஃபில்டரும் மாற்றியதற்கு பில் இருந்தால் தாராளமாக எடுக்கலாம். பின்சீட்டில் கால் நீட்டும் இடத்துக்கு அந்த விலையில் சூப்பர்பை அடிக்க ஆளில்லை, அம்மாவுக்குத்தான் வண்டி என்றால் அதையும் கணக்கில் எடுங்கள்.

ஆடி ஏ4 பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் யாராவது கொண்டுவந்து நிறுத்துவார்கள். 2016-க்கு முந்தைய ஏ4 2.0 டீசலில் மல்டிட்ரானிக் என்ற சி.வி.டி. இருக்கும், அதாவது கியர் படிகளுக்குப் பதில் பெல்ட் மாதிரியான சங்கிலியில் ஓடும் ஆட்டோமேட்டிக். அதை எங்கள் மலைக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பி.எம்.டபிள்யூ 320டி, 520டி-யில் 8 கியர் பாக்ஸ் அருமையானது, தங்கம். ஆனால் பழைய என்47 இன்ஜினில் டைமிங் செயின் ஃப்ளைவீல் பக்கம் இருக்கிறது, சத்தம் வந்தால் இன்ஜினை இறக்காமல் வேலை நடக்காது. காற்று போனாலும் கொஞ்ச தூரம் ஓடும் ரன்ஃப்ளாட் டயர் வேறு, பர்லியார் பக்கம் ஒரு குழியில் ஓரம் கிழிந்தால் பஞ்சர் கடைக்காரர் கையை விரித்துவிடுவார்.

சி 220-யைப் பொறுத்தவரை கிளட்ச் தட்டுக்குப் பதில் ஆயில் வழியாகச் சக்தியைக் கடத்தும் 7 கியர் டார்க் கன்வெர்ட்டர் பெட்டி மலைக்கு ஏற்றதுதான். டர்போ டீசல் என்பதால் உயரத்தில் இழுவையும் குறையாது. டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின் 1,000 மீட்டர் ஏறினால் சுமார் 10 சதவீத சக்தியை இழக்கும், ஊட்டி 2,240 மீட்டர், நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். பென்ஸில் என் பயம் இன்ஜின் மேல் இல்லை, அந்த டி.எல். நம்பர் மேல்தான்.

அருவங்காடு வாசி:

ஸ்பேனர் அண்ணா விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். டெல்லியில் 10 வருடம் தாண்டிய டீசலுக்குப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் தடை போட்டது, உச்ச நீதிமன்றமும் 2018-ல் அதை உறுதி செய்தது. அதன் பிறகு அங்கிருந்து நல்ல நல்ல வண்டியெல்லாம் அடிமாட்டு விலைக்குத் தெற்கே வருகிறது. வண்டி மோசம் என்று சொல்லவில்லை, பேப்பர்தான் வினை. டெல்லி ஆர்.டி.ஓ. கொடுத்த என்.ஓ.சி., அதாவது தடையில்லாச் சான்று இருக்கிறதா, அது ஊட்டி ஆர்.டி.ஓ. பெயருக்கே வாங்கித் தருவார்களா, பழைய லோன் இருந்திருந்தால் பேங்க் கையெழுத்துப் போட்ட ஃபார்ம் 35 வந்துவிட்டதா, இதெல்லாம் கைக்கு வராமல் ஒரு ரூபாய் அட்வான்ஸ் கூடக் கொடுக்காதீர்கள். அப்புறம் தமிழ்நாட்டு லைஃப் டேக்ஸ் கட்டி இங்கே மறுபதிவு செய்ய வேண்டும். அதை வண்டியின் பழைய விலையையும் வயதையும் வைத்துப் போடுவார்கள், நீங்கள் பேரம் பேசி வாங்கிய விலையை வைத்து அல்ல. புரோக்கர் சொல்லும் விலையில் இது சேர்ந்திருக்காது. பாண்டிச்சேரி நம்பர் வண்டி வந்தாலும் இதே கணக்குதான்.

15 வருடம் முடிந்ததும் ஆர்.சி. புதுப்பிக்க 2022 ஏப்ரலிலிருந்து கட்டணமே 5,000 ரூபாய், பசுமை வரி தனி. 2014 வண்டிக்கு அது ரொம்பத் தூரத்தில் இல்லை.

இன்னொன்று, நம் ஊருக்கே உரியது. நீலகிரிக்குள் வரும் வெளியூர் வண்டிகள் வாங்க வேண்டிய இ-பாஸ். நம் மாவட்ட டி.என். 43 வண்டிக்குத் தேவையில்லை. மாநிலத்துக்குள்ளேயே வாங்கினால் நம்பர் மாறாது, பெயரும் முகவரியும் மட்டும்தான் மாறும். ஆகவே கோவை நம்பரோ சென்னை நம்பரோ வாங்கினால் உள்ளூர்க்காரர் என்பதற்கான ஆதாரங்களைக் கொடுத்து ஆர்.டி.ஓ.-வில் உள்ளூர் பாஸ் வாங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுத் திரும்பும்போதெல்லாம் செக்போஸ்ட்டில் நிறுத்தி விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும், அம்மா பின்சீட்டில் காத்திருப்பார்.

பச்சைத்தேயிலை (கோத்தகிரி):

ரொம்ப நன்றி. டெல்லி வண்டி வேண்டாம் என்று முடிவுக்கு வந்துவிட்டேன், புரோக்கரிடம் என்.ஓ.சி. கேட்டதும் "அதெல்லாம் பின்னாடி பாத்துக்கலாம் சார்" என்றார், அதிலேயே தெரிந்துவிட்டது. சூப்பர்ப் 1.8-ம் போயிற்று. கேம்ரி பற்றிச் சொல்லுங்கள். அதுவும் டர்போ இல்லாத பெட்ரோல்தானே, ஏற்றத்தில் மூச்சு வாங்காதா? இறக்கத்தில் ஹைபிரிட் எப்படி? பனிமூட்டம் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள்.

பனிமூட்டம் (குன்னூர்):

சரி, நீங்களே கேட்டதால் விவரமாக. வீட்டில் இதே தலைமுறை கேம்ரி ஹைபிரிட்தான் ஓடுகிறது. 2.5 லிட்டர் இன்ஜின் உயரத்தில் கொஞ்சம் சோர்ந்தாலும் ஹைபிரிட்டில் கூடவே இருக்கும் மின் மோட்டார் கீழ் வேகத்தில் தள்ளிவிடும், வளைவில் நின்று கிளம்பும்போது அதுதானே நமக்குத் தேவை. மோட்டாருக்குக் காற்று அடர்த்தி பற்றிக் கவலை இல்லை. வழக்கமான கிளட்சும் இல்லை, பெல்ட்டும் இல்லை, பேரில்தான் இ-சி.வி.டி., உள்ளே இருப்பது வெறும் பல்சக்கரம். ஸ்பேனர் அண்ணா பயப்படும் எதுவும் இதில் கிடையாது.

இறக்கத்தில் ஒரு விஷயம் புரிந்துகொள்ள வேண்டும். பிரேக்கை லேசாக மிதித்தால் மோட்டார் ஜெனரேட்டராக மாறி பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும், வண்டியும் மெதுவாகும். குன்னூரிலிருந்து இறங்கும் 14 கொண்டை ஊசி வளைவில் பாதி தாண்டுவதற்குள் பேட்டரி நிறைந்துவிடும். அதற்குமேல் அதில் வாங்கிக்கொள்ள இடமில்லை. அப்போது கியரை டி-யிலிருந்து பி-க்கு, அதாவது பார்க்கிங் இல்லை, கடைசியில் இருக்கும் இன்னொரு பி-க்கு இழுத்தால் இன்ஜின் சுற்றி வண்டியைப் பிடிக்கும். சத்தம் எகிறும், முதல் தடவை கேட்பவர்கள் ஏதோ உடைந்துவிட்டது என்று நினைப்பார்கள், ஒன்றுமில்லை. பிரேக் பேட் ரொம்ப நாள் வரும்.

குறை இல்லாமல் இல்லை. பெரிய பேட்டரி பின்சீட்டுக்குப் பின்னால் இருக்கிறது, டிக்கி சுருங்கிப் போகும், அம்மாவுக்கு வீல்சேர் எடுத்துப் போவதாக இருந்தால் முதலில் மடித்து வைத்துப் பாருங்கள். பேட்டரியை ஆறவைக்கும் காற்று வழி பின்சீட்டுப் பக்கம்தான், அதை பெட்ஷீட் போட்டு மூடினால் பேட்டரிக்குச் சூடு. பேட்டரி முழுதாகப் போனால் லட்சக் கணக்கு, ஹைபிரிட் பிரேக் ஆக்சுவேட்டரும் மலிவு இல்லை. வாங்குவதற்கு முன் டொயோட்டா சர்வீஸ் சென்டரில் ஹைபிரிட் பேட்டரி செக்கப் செய்து ரிப்போர்ட்டைக் கையில் வாங்குங்கள். பெட்ரோல் பங்கில் இப்போது வருவதெல்லாம் 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20, 2016 வண்டி அதற்கென்று செய்ததல்ல, ரப்பர் ஹோஸ்களை ஒரு கண் பார்க்கச் சொல்லுங்கள். வயிறும் தாழ்வு, எஸ்டேட் ரோட்டில் தட்டும்.

சி204 (ஊட்டி):

எல்லோரும் சேர்ந்து பென்ஸைக் கழித்துக் கட்டிவிட்டீர்கள், நான் ஒரு ஆள் இருக்கிறேன். பழைய சி கிளாஸ் டீசல்தான் என் வண்டி, தமிழ்நாட்டு வண்டி, முழு சர்வீஸ் ஹிஸ்டரியோடு எடுத்தது. கோவையில் வெளியே பென்ஸ் மட்டும் பார்க்கும் மெக்கானிக் ஒருவர் இருக்கிறார், கம்பெனி சொன்ன எஸ்டிமேட்டில் பாதிகூட ஆவதில்லை. கல்லட்டியில் 36 வளைவு ஏறினாலும் முகம் சுளிக்காது. பின்சீட்டு கேம்ரி அளவு வராது, ஒப்புக்கொள்கிறேன், அது ஓட்டுகிறவனுக்கான வண்டி.

ஆனால் இங்கே எந்த லக்ஸரி வண்டியையும் கொல்வது இன்ஜின் இல்லை, இலையும் எலியும்தான். சைப்ரஸ் மரத்தடியில் நிறுத்தினால் ஊசி இலை கண்ணாடிக்குக் கீழே இருக்கும் வடிகாலையும் சன்ரூஃப் குழாயையும் அடைத்துவிடும். மழைத்தண்ணி போக வழியில்லாமல் உள்ளே இறங்கும், ஜெர்மன் வண்டிகள் பலவற்றில் கன்ட்ரோல் பெட்டிகள் கார்பெட்டுக்கு அடியிலும் டிக்கி ஓரத்திலும் இருக்கின்றன. அப்புறம் காரணமே தெரியாமல் வார்னிங் லைட் ஒவ்வொன்றாக எரியும். குளிருக்கு எலி சூடான இன்ஜின் மேல் வந்து படுத்து வயரைக் கடிக்கும். மூடிய ஷெட் இல்லையென்றால் எந்த பிராண்டும் உதவாது.

கல்லார் ஸ்பேனர் (மேட்டுப்பாளையம்):

எலி விஷயம் நூற்றுக்கு நூறு உண்மை.

பச்சைத்தேயிலை, கேம்ரியைப் பார்க்கக் காலையிலேயே போங்கள், "நான் வருகிறவரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்" என்று முன்னாடியே சொல்லிவிடுங்கள். போனவுடன் போனெட்டில் கை வையுங்கள், சூடாக இருந்தால் ஏதோ மறைக்கிறார்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். அடியில் மண்கறை ஒரு கோடாகத் தெரிந்தால் வெள்ளத்தில் நின்ற வண்டி, 2015-லும் 2023-லும் சென்னையில் மூழ்கியவை இப்போது எந்த ஊர் நம்பரிலும் சுற்றலாம். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கி அதன் குழியையும், சீட் தண்டவாளத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள். சீட் பெல்ட் லேபிளிலும் எல்லாக் கண்ணாடியிலும் தயாரிப்பு வருடம் இருக்கும், ஒன்று மட்டும் தனியாகப் புதுசாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். சேசிஸ் நம்பரைக் கொடுத்து சர்வீஸ் சென்டரில் ஹிஸ்டரி எடுத்தால் மீட்டர் திருப்பியிருக்கிறார்களா என்பது அங்கேயே தெரிந்துவிடும். 1,10,000 என்பது உண்மையான 1,10,000 என்றால் எனக்கு அது பிரச்சினையே இல்லை. அந்தச் சென்னை சூப்பர்ப் மாதிரி சந்தேகத்துக்கிடமான 62,000-ஐ விட எவ்வளவோ மேல்.

டெஸ்ட் டிரைவ் கோவை அவினாசி ரோட்டில் வேண்டாம். ஓனர் சம்மதித்தால் குஞ்சப்பனை வரை ஏறி இறங்குங்கள். இறங்கும்போது ஸ்டீயரிங் உதறுகிறதா, வளைவில் கீழே லொடலொட என்று சஸ்பென்ஷன் புஷ் சத்தம் வருகிறதா என்று கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேளுங்கள். வாங்கிய கையோடு பிரேக் ஆயிலை மாற்றிவிடுங்கள், பழைய ஆயில் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும், நீண்ட இறக்கத்தில் அது கொதித்தால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். சீசனில் கல்லார் தாண்டி வரும் டூரிஸ்ட் வண்டிகளில் அந்தக் கருகல் வாடையை முகராத நாளில்லை.

பச்சைத்தேயிலை (கோத்தகிரி):

கேம்ரி ஓனரிடம் பேசிவிட்டேன், சனிக்கிழமை காலை வரச் சொல்லியிருக்கிறார், சர்வீஸ் சென்டரில் பேட்டரி செக்கப்புக்கும் ஒப்புக்கொண்டார். மலை ஏறித்தான் பார்ப்பேன் என்றதற்குக் கொஞ்சம் தயங்கினார், பெட்ரோல் நான் போடுகிறேன் என்றதும் சரி என்றார். அம்மாவையும் கூட்டிப் போகிறேன். பின்சீட்டில் உட்கார்ந்து கால் நீட்டிப் பார்த்து அவர் தலையாட்டினால்தான் விலையே பேசுவேன். ரிப்போர்ட் சரியில்லை என்றால் சூப்பர்ப் 2.0 டீசல் தேடத் தொடங்குவேன், கோவை திருப்பூர் பக்கம் யாராவது விற்பதாகத் தெரிந்தால் இங்கேயே ஒரு வார்த்தை போடுங்கள்.