பிளே தெரபிஸ்ட் சான்றிதழ்: ஓர் ஆசிரியை எங்கிருந்து தொடங்குவது?

நீலவானம்:

எல்லோருக்கும் வணக்கம். நான் மழலையர் வகுப்பு ஆசிரியை. உளவியலில் இளங்கலைப் பட்டம் இருக்கிறது, ஆனால் அதற்கப்புறம் அந்தப் பக்கம் போகவில்லை. என் வகுப்பில் சில பிள்ளைகள் என்ன கேட்டாலும் வாய் திறக்க மாட்டார்கள், ஆனால் பொம்மை வீட்டின் முன்னால் உட்காரவைத்தால் வீட்டில் நடப்பதையெல்லாம் நடத்திக் காட்டிவிடுவார்கள். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க என்னால் முடியவில்லை, முறையாகப் படித்து, விளையாட்டின் வழியாகக் குழந்தைகளின் மனச்சிக்கலுக்குச் சிகிச்சை தரும் பிளே தெரபிஸ்ட் ஆகவேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

தேடினால் தலை சுற்றுகிறது. ஒரு பக்கம் வார இறுதி இரண்டு நாளில் ஆன்லைனிலேயே 'சான்றிதழ் பெற்ற பிளே தெரபிஸ்ட்' ஆகலாம் என்று விளம்பரம். இன்னொரு பக்கம் வருடக்கணக்கில் படிக்கவேண்டும் என்கிறார்கள். எதை நம்புவது? ஆசிரியையாக இருந்த அனுபவம் கணக்கில் வருமா? இந்தத் துறையில் இருப்பவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

தாழம்பூ:

தோழி, முதலில் அந்த இரண்டு நாள் விளம்பரத்தை மூடிவிடுங்கள். இரண்டு நாள் வகுப்பே கூடாது என்று சொல்லவில்லை, ஏற்கெனவே கவுன்சலராக வேலை செய்பவர் மணல் தட்டையோ கைப்பாவையையோ எப்படிப் பயன்படுத்துவது என்று கற்றுக்கொள்ள அது போதும். ஆனால் அதை முடித்தவரைத் தெரபிஸ்ட் என்று கூப்பிட்டு, அடி வாங்கிய குழந்தையையோ அப்பாவை இழந்த குழந்தையையோ அவர் கையில் ஒப்படைப்பது ஆபத்து.

நான் அமெரிக்க வழியில் வந்தவள், அதைச் சொல்கிறேன். அங்கே அசோசியேஷன் ஃபார் பிளே தெரபி என்ற அமைப்பு இருக்கிறது, 1982இல் சார்லஸ் ஷேஃபரும் கெவின் ஓ'கானரும் தொடங்கியது. அவர்கள் தரும் பதிவுக்குப் பெயர் ரெஜிஸ்டர்ட் பிளே தெரபிஸ்ட். அதற்கு விண்ணப்பிக்கவே மனநலத் துறையில் மாஸ்டர்ஸ் வேண்டும், சொந்தப் பொறுப்பில் சிகிச்சை செய்ய மாநில அரசு தரும் லைசென்ஸ் வேண்டும். இவற்றோடு 150 மணி நேரம் பிளே தெரபிப் படிப்பு, குழந்தைகளோடு நேரடியாக 350 மணி நேரம், அந்த வேலை நடக்கும்போதே 35 மணி நேரம் சூப்பர்விஷன், அதாவது அனுபவமுள்ள தெரபிஸ்டின் மேற்பார்வை. நீங்கள் நடத்தும் அமர்வுகளில் ஐந்தையாவது சூப்பர்வைசர் பார்த்திருக்கவும் வேண்டும். பள்ளி கவுன்சலர்களுக்கும் பள்ளி உளவியலாளர்களுக்கும் தனியாக ஒரு பதிவு உண்டு, ஆனால் வகுப்பு ஆசிரியர்களுக்கு அது பொருந்தாது.

அதாவது பிளே தெரபி என்பது கவுன்சலிங், மருத்துவ உளவியல், சமூகப் பணி இப்படி ஏதாவது ஒரு அடித்தளத்தின் மேல் கட்டும் மாடி. உங்களிடம் இளங்கலை இருக்கிறது என்பதால் மாஸ்டர்ஸ் சேருவதுதான் முதல் படி. சேரும்போதே குழந்தைகளோடு களப்பயிற்சி கிடைக்குமா என்று கேட்டுச் சேருங்கள்.

கடலோரம்:

தாழம்பூ அக்கா சொன்னது சரிதான், ஆனால் எல்லா நாட்டிலும் கதவு அதே இடத்தில் இல்லை. பிரிட்டனில் பிளே தெரபி யுகே என்ற அமைப்பின் பயிற்சியில் ஆசிரியர்கள், செவிலியர்கள், சமூகப் பணியாளர்கள் எல்லோரும் நுழையலாம், பட்டமும் குழந்தைகளோடு வேலை செய்த அனுபவமும் பார்ப்பார்கள். முதல் கட்டத்தில் விளையாட்டுவழி உதவித் திறன்கள், அதில் லேசான சிக்கல் உள்ள குழந்தைகளோடு மட்டும் சூப்பர்விஷனோடு வேலை, அதை முடித்தால்தான் அடுத்த கட்டமான பிளே தெரபி. 1992இல் தொடங்கிய பிரிட்டிஷ் அசோசியேஷன் ஆஃப் பிளே தெரபிஸ்ட்ஸ் தனி அமைப்பு, அவர்கள் அங்கீகரிப்பது முதுகலை நிலைப் படிப்புகளை. படிக்கும் காலத்தில் நீங்களே ஒரு தெரபிஸ்டிடம் போய் உட்காரவும் வேண்டும். அது எதற்கு என்று பலரும் கேட்பார்கள். ஒரு குழந்தை பொம்மையின் கழுத்தை நெரிக்கும்போது உங்களுக்குள் எழும் கோபமோ பயமோ உங்களுடையதா அந்தக் குழந்தையுடையதா என்று பிரித்துப் பார்க்கத் தெரியாவிட்டால் அந்த அறையில் நீங்கள் குழந்தைக்காக இருக்கமாட்டீர்கள், உங்களுக்காகத்தான் இருப்பீர்கள்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். ஆசிரியர்கள் இந்தப் பயிற்சிக்கு வரும்போது மிகவும் கஷ்டப்படுவது பொம்மை, மணல், களிமண் விஷயத்தில் இல்லை. வாய் பேசாமல் இருப்பதில்தான். குழந்தை ஒரு கட்டையைத் தூக்கி 'இது என்ன?' என்று கேட்டால் ஆசிரியருக்கு உடனே பதில் வந்துவிடும். குழந்தையை மையமாக வைக்கும் முறையிலோ 'நீ எதுவென்று நினைக்கிறாயோ அதுவாக இருக்கலாம்' என்று திருப்பிக் கொடுப்போம். பாராட்டுவதுகூடக் கிடையாது. 'ரொம்ப அழகாக வரைந்திருக்கிறாய்' என்றால் அடுத்த படத்தை உங்களுக்காக வரையத் தொடங்கிவிடும். அதற்குப் பதிலாக 'நிறைய நேரம் எடுத்து அந்த மூலை முழுக்கக் கருப்பு அடித்திருக்கிறாய்' என்று பார்த்ததை மட்டும் சொல்வோம். இந்த முறைக்கு வழிவகுத்த அமெரிக்க உளவியலாளர் வர்ஜீனியா ஆக்ஸ்லைன் 1947இலேயே எழுதிவைத்த எட்டுக் கொள்கைகளில் ஒன்று, சிகிச்சையை அவசரப்படுத்தக்கூடாது என்பது. படிக்க எளிது, பத்து அமர்வாக ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப விளையாடும் குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து கடைப்பிடிப்பது வேறு.

நீலவானம்:

ரொம்ப நன்றி. ஒரு சந்தேகம். அப்படியென்றால் அந்த அறையில் குழந்தை எதை வேண்டுமானாலும் செய்யலாமா? என்னை அடித்தால்? அப்புறம் இவ்வளவு படித்துவிட்டு வந்தால் இது உண்மையிலேயே பலன் தருகிறது என்பதற்கு ஆதாரம் இருக்கிறதா, வீட்டில் கேட்கிறார்கள்.

அரசமரம்:

பள்ளி கவுன்சலராக இருக்கிறேன், இந்த இரண்டுக்கும் நான் சொல்கிறேன்.

அடிப்பதற்கு அனுமதி கிடையாது. எல்லை உண்டு, ஆனால் அதை வைக்கும் விதம் வேறு. அமெரிக்க பிளே தெரபி நிபுணர் கேரி லாண்ட்ரெத்தின் முறையில் மூன்று பகுதி: முதலில் உணர்வை ஏற்றுச் சொல்வது, அப்புறம் எல்லையைச் சொல்வது, அப்புறம் மாற்று வழி காட்டுவது. 'உனக்கு என் மேல் பயங்கரக் கோபம். ஆனால் என்னை அடிக்கக் கூடாது. அந்தத் தலையணையை அடிக்கலாம்.' இவ்வளவுதான். குரல் உயராது, முகத்தில் மிரட்டல் இருக்காது. கோபம் தப்பில்லை, அடி மட்டும் தப்பு என்று குழந்தைக்குப் புரியும். இதை இன்றைக்கே உங்கள் வகுப்பில் பயன்படுத்தலாம், அதற்குச் சான்றிதழ் தேவையில்லை.

ஆதாரம் என்றால், 2005இல் பிராட்டன், ரே, ரைன், ஜோன்ஸ் நான்கு பேரும் 93 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து வெளியிட்ட கட்டுரைதான் அதிகம் எடுத்துக்காட்டப்படுகிறது. சிகிச்சை பெறாத குழந்தைகளோடு ஒப்பிட்டால் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. என்னைக் கேட்டால் அதில் முக்கியமான விஷயம் வேறு: பெற்றோரையே பயிற்றுவித்து அவர்கள் கையால் விளையாடவைத்த முறையில் பலன் இன்னும் அதிகம். 1960களில் பெர்னார்ட், லூயிஸ் கெர்னி தம்பதி தொடங்கிய ஃபிலியல் தெரபியின் வழி அது. அதனால் எந்தப் படிப்பில் சேர்ந்தாலும் பெற்றோரோடு வேலை செய்வதற்கு எவ்வளவு இடம் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். குழந்தையை அறைக்குள் சரிசெய்து அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தால் எவ்வளவு நாளைக்குத் தாங்கும்?

பணம் கட்டுவதற்கு முன்னால் சூப்பர்விஷன் யார் தருகிறார்கள், அவர் பிளே தெரபியில் பதிவு பெற்றவரா, உங்கள் அமர்வு வீடியோவைப் பார்ப்பாரா என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வேறு இடம் பாருங்கள். நீங்கள் வேலை செய்யப்போகும் இடத்தில் கவுன்சலிங்குக்கு எந்த லைசென்ஸ் கேட்கிறார்கள் என்பதையும் முதலிலேயே விசாரித்துவிடுங்கள், வெளிநாட்டு அமைப்பின் சான்றிதழ் அந்த லைசென்சுக்கு ஈடாகாது.

நீலவானம்:

அரசமரம் ஐயா, தலையணை விஷயம் நாளைக்கே முயன்று பார்க்கிறேன். மாஸ்டர்ஸ் முடிக்கும்வரை வகுப்பில் நான் செய்யக்கூடியது இன்னும் ஏதாவது இருக்கிறதா? எதைச் செய்யவே கூடாது என்பதையும் சொல்லுங்கள்.

தாழம்பூ:

இருக்கிறது. லாண்ட்ரெத்தும் பிராட்டனும் பெற்றோருக்காக உருவாக்கிய பத்து அமர்வுப் பயிற்சி ஒன்று உண்டு, அதை ஆசிரியர்களுக்காக மாற்றி சைல்ட் டீச்சர் ரிலேஷன்ஷிப் டிரெயினிங் என்று நடத்துகிறார்கள். பள்ளியிலேயே வாரம் ஒரு முறை ஒரு பிள்ளையோடு தனியாக அரை மணி நேரம், குறிப்பிட்ட சில பொம்மைகள், அந்த நேரத்தில் பாடம் கிடையாது, கேள்வி கிடையாது. உங்கள் நிலையில் இருப்பவருக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன், தெரபிஸ்ட் பட்டத்துக்கு அலைவதற்கு முன்னால் இதைத் தேடிப் பிடியுங்கள். மாஸ்டர்ஸ் சேரும்போதும் இந்த அனுபவம் கைகொடுக்கும்.

செய்யக்கூடாதது: பொம்மை வீட்டில் பார்த்ததை வைத்து 'உன் அப்பா அப்படித்தான் அடிப்பாரா?' என்று கிளறாதீர்கள். அப்பா பொம்மையைத் தூக்கி எறிந்தால் வீட்டில் அடி விழுகிறது என்று அர்த்தம் இல்லை, நேற்றுப் பார்த்த கார்ட்டூனாகவும் இருக்கலாம். ஆனால் குழந்தை வாய்விட்டுச் சொன்னாலோ உடம்பில் காயம் தெரிந்தாலோ அது விளையாட்டு விஷயம் இல்லை. அது சொன்ன வார்த்தைகளை அப்படியே தேதியோடு எழுதிவைத்துப் பள்ளியில் குழந்தைப் பாதுகாப்புக்குப் பொறுப்பானவரிடம் அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று குழந்தையிடம் சத்தியம் மட்டும் செய்யாதீர்கள்.

கடலோரம்:

அந்த ஆசிரியர் பயிற்சிக்கு நானும் கை தூக்குகிறேன். நீலவானம், எந்த நாட்டில் படிக்க யோசிக்கிறீர்கள் என்று சொன்னால் அங்கே சூப்பர்வைசரை எப்படித் தேடுவது என்று எழுதுகிறேன்.