கொலியூரில் இரண்டு நாள்: அப்பாவுக்குக் காட்ட என்ன இருக்கிறது?

பூம்பாறைப் பெண்

எல்லோருக்கும் வணக்கம். தம்பி தெற்கு பிரான்சில் பெர்ப்பினியானில் படிக்கிறான். அக்டோபரில் நானும் அப்பாவும் அவனைப் பார்க்கப் போகிறோம். பக்கத்தில் கொலியூர் என்ற சின்னக் கடலோர ஊரில் இரண்டு நாள் தங்கலாம் என்கிறான். அப்பாவுக்கு 68 வயது, கொடைக்கானல் பக்கம் பூம்பாறையில் இன்றைக்கும் மலைப்பூண்டு போடுகிறார். ஓவியர்கள் வந்து வரைந்த ஊர் என்று தம்பி சொன்னதும், "எனக்கு அதுல என்ன தெரியும், நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டார். அவர் மனதுக்குப் பிடிக்கிற மாதிரி அங்கே ஏதாவது உண்டா?

மன்னவனூர்க்காரன்

அக்கா, அப்பாவைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். பெர்ப்பினியானில் நான்கு வருடம் இருந்தவன் சொல்கிறேன். அங்கே வருகிறவர்கள் எல்லோரும் கடலைப் பார்த்து நிற்பார்கள். அப்பாவை ஊர்ப்பக்கம் திரும்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.

பிரெனே மலைத்தொடர் கடலில் வந்து இறங்கும் இடம் அது. சரிவு முழுக்கப் படிப்படியாகத் திராட்சைத் தோட்டம், அப்படியே நம் பூம்பாறை. தட்டுத் தட்டாகப் பிளக்கும் பழுப்புக் கல்லை, சிமெண்டு இல்லாமல் அடுக்கிக் கட்டிய கல்லுக்கட்டு. மெஷின் ஏறாது, எல்லாம் கைவேலை. ஐப்பசியில் நமக்கு அடிக்கிற மாதிரி அங்கேயும் அந்தப் பருவத்தில் திடீரென்று கொட்டும். மண்ணை அடித்துக்கொண்டு போகாமலிருக்கத் தோட்டத்துக்குள் கல் பாவிய வாய்க்கால் வெட்டியிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் சாய்வாக வந்து நடுவாய்க்காலில் சேரும். மேலிருந்து பார்த்தால் சேவலின் கால் தடம் போலிருக்கும். அதற்குப் பெயரே 'சேவல் கால்'தான், அவர்களுடைய கத்தலான் மொழியில்.

ஒரு செப்டம்பரில் திராட்சை பறிக்கப் போனேன். சரிந்த கட்டை ஒரு பெரியவர் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தார். கல்லை வைப்பார், சுத்தியலால் ஒரு தட்டு, ஆடினால் அடியில் சில்லுக்கல்லைச் சொருகுவார். என் தாத்தா செய்வதும் அதேதான். அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

நீங்கள் போகும்போது பறிப்பு முடிந்திருக்கும், இலை சிவக்கத் தொடங்கியிருக்கும். ஊருக்கு மேலே 14ஆம் நூற்றாண்டுக் காற்றாலை ஒன்று இருக்கிறது. அதுவரை மெதுவாக ஏறினால் போதும். உச்சியில் தெரியும் புனித எல்ம் கோட்டை செங்குத்து, விட்டுவிடுங்கள்.

கடல்காற்று

மாதா கோயிலையும் பாருங்கள். தண்ணீர் ஓரத்திலேயே நிற்கும், மணிக்கூண்டு முன்பு துறைமுக விளக்காக இருந்தது. பழைய கோயிலை இடித்துவிட்டு 1684க்கும் 1691க்கும் நடுவில் இதைக் கட்டினார்கள். அந்தப் பகுதி 1659 உடன்படிக்கையில்தான் ஸ்பெயினிடமிருந்து பிரான்சுக்கு வந்தது, அதுவரை ஸ்பெயினின் கத்தலோனியாவோடு சேர்ந்திருந்தது, அதனால் சிவப்பு மஞ்சள் கத்தலான் கொடி எங்கும் பறக்கும்.

அப்புறம் நெத்திலி. நம் கருவாடு போல வெயிலில் போடுவதில்லை. தலையையும் குடலையும் கையால் கிள்ளி, மீன் ஒரு அடுக்கு உப்பு ஒரு அடுக்காக மாதக்கணக்கில் ஊற வைப்பார்கள். சோற்றோடு ஒரே ஒரு துண்டு போதும்.

ஓவியம் பற்றியும் அப்பா கவலைப்பட வேண்டாம். பிரெஞ்சு ஓவியர்கள் மத்தீஸும் தெரேனும் 1905 கோடையில் வரைந்த படங்களின் நகலை, அவர்கள் நின்று வரைந்த இடத்திலேயே வைத்திருக்கிறார்கள். படத்தையும் எதிரே துறைமுகத்தையும் மாறி மாறிப் பார்த்தாலே புரியும்.

பழனிமலை வாசகன்

கல்லறைத் தோட்டத்துக்கும் ஒரு பத்து நிமிடம் ஒதுக்குங்கள் அக்கா. ஸ்பானியக் கவிஞர் அந்தோனியோ மச்சாதோ உள்நாட்டுப் போரில் எல்லை கடந்து வந்து, 1939 பிப்ரவரி 22இல் இந்த ஊரில் இறந்தார். மூன்றே நாளில் அவருடைய அம்மாவும் போய்விட்டார். கவிஞரின் கல்லறையில் ஒரு தபால்பெட்டி உண்டு, இன்றைக்கும் ஆட்கள் கடிதம் போட்டுவிட்டுப் போகிறார்கள்.

பூம்பாறைப் பெண்

எல்லோருக்கும் நன்றி. மன்னவனூர்த் தம்பி, சேவல் கால் வாய்க்கால் படம் ஒன்றைத் தேடி எடுத்து அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "நடுவாய்க்கால் எவ்வளவு ஆழம்னு கேளு" என்கிறார். பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுக்க நாளைக்குக் கொடைக்கானல் போகிறோம்.