பின் டியூப் மட்டும் அடிக்கடி பஞ்சர்: டயரை மாற்றணுமா?

காலைமிதி:
சைக்கிளில் வேலைக்குப் போக ஒரு வழி 9 கி.மீ. டயர் 32-622 அளவு (அகலம் 32 மி.மீ., ரிம் விட்டம் 622 மி.மீ.). ஒரே மாதத்தில் பின் டியூப் நாலு முறை போய்விட்டது, முன்னால் ஒன்றுமில்லை. எடை 76 கிலோ, முதுகில் 6 கிலோ பை. கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துக் காற்றடிக்கிறேன். டயரை மாற்றிவிடலாமா? வழியில் சமாளிக்க என்ன எடுத்துப்போக வேண்டும்?

ஸ்போக்:
முதலில் பழைய டியூபில் ஓட்டை எங்கே என்று பாருங்கள். வெளிப்பக்கம் ஒற்றை ஓட்டை என்றால் முள்ளோ கண்ணாடிச் சில்லோ. அது டயரிலேயே குத்தி நிற்கும், எடுக்காமல் புது டியூப் போட்டால் அதுவும் போகும். டயரின் உள்ளே பழைய பருத்தித் துணியைச் சுற்றி இழுங்கள், நூல் சிக்கும் இடத்தில் சில் இருக்கும். ரிம்மைத் தொடும் பக்கம் ஓட்டை என்றால் ரிம் டேப் (ரிம்மின் ஸ்போக் கம்பித் துளைகளை மூடும் பட்டை) நகர்ந்து, துளையின் விளிம்பு டியூபைக் கிழிக்கிறது. இரண்டு கீறல் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் காற்றுக் குறைவு.

காலைமிதி:
இரண்டு டியூப் கைவசம் இருக்கிறது. இரண்டிலுமே விரல் அகல இடைவெளியில் ஜோடிக் கீறல்.

ஸ்போக்:
அப்போ டயர் மேல் குற்றமில்லை. குழியில் இறங்கும்போது டயர் நசுங்கி, ரிம்மின் இரு விளிம்பும் டியூபைக் கடிக்கின்றன. உடல் பாரத்தில் பாதிக்கு மேல் பின் சக்கரத்தில் விழுவதால்தான் அங்கே மட்டும். கட்டைவிரலை நம்பாதீர்கள், காற்றழுத்தம் 40 பி.எஸ்.ஐ.க்கும் 60க்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. மீட்டர் உள்ள பம்ப் வாங்கி, பின்னால் 70, முன்னால் 60 வையுங்கள். டயரின் பக்கத்தில் அச்சிட்ட உச்ச அளவைத் தாண்டக் கூடாது. பஞ்சர் இல்லாவிட்டாலும் டியூப் காற்றை மெல்ல விடும், வாரம் ஒருமுறை கட்டாயம் பாருங்கள். பையைக் கேரியருக்கு மாற்றினால் முதுகு வேர்க்காது, ஆனால் பின்னால் இன்னும் 5 கூட்டணும். குழி தவிர்க்க முடியாதபோது மிதிப்பதை நிறுத்தி, சீட்டிலிருந்து லேசாக எழுந்துகொள்ளுங்கள்.

கைப்பம்ப்:
ஒன்று சேர்க்கிறேன். டயரைத் திரும்ப மாட்டும்போது லீவரால் நெம்பினாலும் டியூப் கடிபட்டு இதே மாதிரி ஓட்டை விழும். டியூபில் உருண்டு நிற்கும் அளவு மட்டும் காற்று விட்டு உள்ளே வையுங்கள். வால்வுக்கு எதிர்ப்பக்கம் ஆரம்பித்து வால்வில் முடியுங்கள், கடைசி ஒரு சாணை உள்ளங்கையால் தள்ளுங்கள். பிறகு வால்வை ஒருமுறை உள்ளே அமுக்கி இழுத்துவிட்டு, ரிம் ஓரமாகச் சுற்றிலும் டியூப் எட்டிப்பார்க்கவில்லை என்று உறுதி செய்தபின் முழுக் காற்று.

கையில் வேண்டியது: மாற்று டியூப் ஒன்று, லீவர் இரண்டு, சின்ன பம்ப், சக்கரம் நட்டில் நிற்கிறது என்றால் அதற்கான ஸ்பானர் (பெரும்பாலும் 15 மி.மீ.), ஒரு ஜோடி கையுறை. பேட்ச் ஒட்டுவதை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். சொல்யூஷனின் பளபளப்பு போகும் வரை, சுமார் 5 நிமிடம், காயவிடணும். அவசரத்தில் ஈரத்தோடு ஒட்டிய பேட்ச் காற்றடித்ததும் பிய்ந்துவிடும்.